நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்

அந்தத் துருவத் தீவில் விமான நிலையம் என்றால் ஒரு சரளைக்கல் ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, ஒரு வானொலி அறை, அவ்வளவுதான். விமானங்களோடு பேசும் வேலை பார்க்கிற உலாயுக்குக்கு, காலை பத்து மணிக்கு வானொலி முன்னால் வந்து உட்கார்ந்தபோதே மனசு சரியில்லை. மகள் மியாலி பத்து நாள் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரி ஊரிலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தாள். முந்நூற்றெண்பது கிலோமீட்டர், ஒரு மணி இருபது நிமிஷம்.

கிளம்புமுன் போனில் சண்டை.

"அப்பா பேரை வைக்க மாட்டேம்மா. விமானத்தோட காணாமப் போனவரு. உடம்புகூடக் கிடைக்கல. பயமா இருக்கு."

"பேரு கிடைக்கிற வரைக்கும் அந்த மனுஷன் குளிர்லயே நிப்பாருடி!"

"நிக்கட்டும்." டொக்கென்று வைத்துவிட்டாள்.

அவள் புருஷன் கவுனாக் இதே வழியில், பாதி தூரத்தில் விமானத்தோடு தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது. செத்தவர் பேரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்குச் சூட்டாமல் அந்த ஊரில் யாரும் விட்டதில்லை; பேரோடு அவரும் பிள்ளைக்குள் வந்து தங்குவார் என்று நம்பிக்கை.

பத்து நாற்பதுக்கு விமானி கூப்பிட்டான். "அக்கா, பாதி வந்தாச்சு. இன்னும் நூத்தித் தொண்ணூறு. டீ போட்டு வைங்க."

பதினொன்றுக்கு மறுபடி. "இன்னும் நூத்தித் தொண்ணூறு."

"என்ன தம்பி, விளையாடுறியா?"

"இல்லக்கா. இஞ்சின் ஓடுது. கீழ பனியும் ஓடுது. தூரம் மட்டும் குறையல."

பதினொன்றரை. பன்னிரண்டு. பன்னிரண்டு இருபது. அதே நூற்றுத் தொண்ணூறு. வெளியே மே மாத வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. இத்தனை வெளிச்சத்தில் ஒரு விமானம் எங்கே போய் மாட்டிக்கொள்ளும்?

"எண்ணெய் எவ்வளவு இருக்கு?"

"முக்கால் மணி தாங்கும்."

அவன் குரலுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

மெதுவாக. பற்கள் கிடுகிடுக்க.

"உலாயுக்... குளிருது."

இருபத்தாறு வருஷம் பக்கத்தில் படுத்திருந்த குரல்.

"அது உங்க மக. விட்டுடுங்க," என்று கெஞ்சினாள்.

"குளிருது," என்றது அந்தக் குரல் மறுபடி.

பேர் சூட்ட மூத்தவளுக்கு உரிமை உண்டு. பெற்றவளைக் கேட்க நேரமில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "என் பேரன் பேரு கவுனாக். வாங்க. அவன்கிட்டயே வந்துடுங்க."

"அக்கா! நூத்தி எண்பது... நூத்தி எழுபது!"

ஒரு மணிக்கு விமானம் தரை தொட்டது. மியாலி சிரித்துக்கொண்டே இறங்கினாள். "சரியா ஒரு மணி இருபது நிமிஷம்மா. புள்ள ஒரு தடவைகூட அழல." விமானியின் கடிகாரத்திலும் மணி பதினொன்று இருபதுதான். வானொலியில் பேசியது எதுவுமே அவனுக்கு நினைவில்லை. டீ எங்கே என்று கேட்டான்.

பிழைத்து வந்துவிட்டார்களே, அது போதும் என்று உலாயுக்குக்கு அழுகை முட்டியது. மகளின் மேலங்கி முதுகில் பிள்ளையைச் சுமக்கும் தொப்பிப் பைக்குள் குனிந்து, பிள்ளையின் கன்னத்தில் மூக்கை வைத்து உறிஞ்சினாள்.

பால்வாசனை இல்லை. விமான எண்ணெயும் பழைய பனியும் மணத்தன.

பிள்ளை வாயைத் திறந்தது.

பத்து நாள் ஈறில் முழு வரிசைப் பற்கள். முன்பல் பாதி உடைந்திருந்தது, கல்யாணமான வருஷம் பனிச்சறுக்கு வண்டியிலிருந்து விழுந்து கவுனாக் உடைத்துக்கொண்ட அதே பல்.

"பசிக்குது போல," என்று மியாலி சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள். "உள்ள போய் உக்காந்து பால் குடுத்துடுறேம்மா."

வேண்டாம்டி என்று கத்த உலாயுக் வாயெடுத்தாள். பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.