கடைசிப் பலகைக்குப் பின்னால்

பலூன் வெடித்து முடிந்த பிறகும் கூடம் முடிக்கவில்லை. இரைச்சல் நான்கு சுவரையும் மெதுவாக உரசிக்கொண்டு போய், பின்சுவரின் கடைசிப் பலகையில் நின்று, அங்கே எதையோ மெல்வது போல மென்று அடங்கியது. பஞ்சும் பசையும் மணக்கும் அந்தப் புதுக் கூடத்தில், ஏன் என்று பலகை அடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"மூணு விநாடி. ஒரு விநாடிக்குள்ள அடங்கணுமே, அண்ணே," என்றான் சகலை, மீட்டரைப் பார்த்து.

சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரன். ஓர் அறையில் சத்தம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளப்பது அவன் வேலை. எந்தச் சுவரில் எவ்வளவு பஞ்சு என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். பலூன் உடைத்தால் சம்பளம். பஞ்சு திணித்தவனுக்கு இருமல். "அவர் சட்டைக் காலர்கூடக் கசங்கல, பாத்தீங்களா?" என்று மனைவி போன வாரம் தட்டு வைத்தபடியே சொன்னாள். இவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். மறுநாள் கடைசிப் பலகைக்குப் பின்னால் பஞ்சே வைக்காமல் வெறும் பொந்தாக விட்டான். அவன் கணக்குத் தப்பட்டும், முதலாளி முன்னால் முழிக்கட்டும். பலகையை மூடுமுன் பொந்துக்குள் குனிந்து, வயிற்றெரிச்சலை எல்லாம் முணுமுணுத்துத் தீர்த்தான்.

இரண்டாவது பலூன். ஏழு விநாடி. இவன் நெஞ்சில் சர்க்கரை கரைந்தது.

மூன்றாவது வெடித்தது. சத்தம் அடங்கவில்லை. தேய்ந்தது. தேய்ந்து பேச்சானது.

அவன் ஒழியணும். அவன் வாய் அடைக்கணும்.

இவனுடைய குரல். இவன் வாய் மூடியிருந்தது.

சகலை திரும்பினான். உதடு அசைந்தது. அங்கே சத்தம் இல்லை.

"அண்ணே, யாரைச் சொல்றீங்க?"

பலகைக்குப் பின்னாலிருந்து வந்தது.

சகலை தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். தரையில் காலடி கேட்கவில்லை. பொந்துக்குள் கேட்டது. தொலைவில். இன்னும் தொலைவில். அந்தப் பொந்தின் ஆழம் ஒரு சாண்.

பலகையை நெம்ப இவன் சுத்தியலை எடுத்தான். கை நின்றது.

உள்ளே மனைவி சிரித்தாள். சகலை பேசும்போது மட்டும் சிரிக்கிற சிரிப்பு.

நெம்பவில்லை. ஆணி வைத்து அடித்தான்.

ஒவ்வோர் அடிக்கும், எதிரே நின்ற சகலையின் உதட்டோரம் ஆணித்தலை அளவுக் கறுப்புப் புள்ளி ஒன்று விழுந்தது. உள்ளே அண்ணே, அண்ணே. சிரிப்பு நிற்கவில்லை. இவன் பல்லிடுக்கிலிருந்து அடுத்த ஆணியை எடுத்தான்.