மூன்று நொடி

"வேண்டாம்ட்டி. இணைப்ப மூடிருவோம். நான் கரைக்கு வந்தப்புறம் பேசிக்கிடுவோம்."

இசக்கியப்பன் கடலடி நிலையத்திலிருந்து சொன்னான். அவன் கரைக்கு வர இன்னும் நான்கு மாதம் இருந்தது. தூத்துக்குடி வீட்டில், மனவழங்கியின் முன் அவன் மனைவி செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள்.

இருவர் மணிக்கட்டிலும் உணர்தகடு. ஒருவர் மனத்தில் எழுவது வீட்டு மனவழங்கி வழியாக மற்றவரைச் சென்றடையும். பதினாறு ஆண்டுகளாக அது சற்றுத் தாமதமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊரெல்லாம் மனவழங்கிகளுக்கு அதிவேக வலையட்டை பொருத்தும் பொறியாளர் அவள். தன் வீட்டுத் தாமதம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதினாறாம் கல்யாண நாளன்று, கணவனுக்குச் சொல்லாமலே அட்டையை மாற்றினாள். பழைய அமைப்புகளை நகலெடுத்து வைத்து, அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது அவள் தொழில் வழக்கம்.

அன்றே, மிக்ஸியைச் சரிசெய்யாமல் போய்விட்டானே என்ற எரிச்சல், அவள் அதை உணர்ந்து முடிப்பதற்குள் அவன் மணிக்கட்டில் சுட்டது. அவனுடைய எரிச்சலும் உடனே திரும்பி வந்தது. இவ்வளவும் இவருக்குள் இருந்ததா? ஒன்பது நாள் அப்படியே போயிற்று; பத்தாம் நாள்தான் அவன் இணைப்பை மூடச் சொன்னது.

பழைய அட்டையையே திரும்பச் செருகினாள். வேகம் குறையவில்லை. பதிவுகளைத் திறந்தாள். பழைய அட்டையின் கொள்ளளவில் ஒருநாளும் நூற்றில் மூன்று பங்குகூட நிரம்பியதில்லை. இரண்டு பேரின் மனத்துக்கு அதுவே அதிகம். அப்படியென்றால் தாமதம் எங்கிருந்து வந்தது?

அழிக்குமுன் எடுத்த நகலில் ஒரு வரி இருந்தது. 'மூன்று நொடி நிறுத்திவை. அதற்குள் மனம் மாறினால் அனுப்பாதே.' எழுதியவர் இசக்கியப்பன். கல்யாணமான பத்தாம் நாள்.

உடனே அவனை அழைத்தாள். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியாக்கும்? வேகத்த விக்கிறவ வீட்டுல! ஒனக்குக் கோவம் ரெண்டு நொடிகூட நிக்காதுட்டி. எண்ணிப் பாத்திருக்கேன்."

"அப்ப மூணு எதுக்காம்?"

"எனக்கு மூணு வேணும்லா."

புதிய அட்டையை மறுபடி செருகி, அந்த வரியை அவளே எழுதினாள். அவன் சிரிப்பது காதில் விழுந்தது. அதன் இதம் மணிக்கட்டுக்கு வர மூன்று நொடி ஆனது. காத்திருந்தாள்.

மேசையில் வேலைப் பட்டியல் கிடந்தது. இந்த ஆண்டு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். எந்த வீட்டின் பழைய அமைப்பையும் அவள் படித்துப் பார்த்து அழித்ததில்லை.

முதல் வீட்டின் நகலைத் திறந்தாள்.