கலக்கும் முன்பே கலந்த காற்று

"இழு... பிடிச்சுக்கோ... இப்ப விடு."

விடவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் மனைவி நாற்காலியிலிருந்து சரிந்தாள்!

அந்த நுரையீரல் பரிசோதனைக் கூடத்தின் டெக்னீஷியன் அவன். கொஞ்ச நாளாய்த் தலைவலி, மூச்சிரைப்பு என்றவளை அவனேதான் சோதனைக்கு உட்கார வைத்திருந்தான். டாக்டர் ஓடி வந்து ஆக்ஸிஜன் மாட்டினார். அவனோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஹீலியமும் துளி கார்பன் மோனாக்சைடும் கலந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுப்பார்கள். ஹீலியம் அப்படியே திரும்பி வரும். மோனாக்சைடு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவை நுரையீரல் ரத்தத்துக்குக் கடத்தியிருக்கிறது என்று கணக்கு.

ஆனால்... வாயுவைத் திறக்கும் முன்பே அவள் மூச்சில் மோனாக்சைடு இருந்தது.

சிகரெட் பிடிப்பவர்களுக்கு இருக்குமே, அந்த அளவு.

மாடியில் குடியிருப்பவன் ஓயாமல் ஊதுகிறவன்...



தகவல் அறிந்து அவளுடைய அண்ணன் வந்தார். இன்ஸ்பெக்டர். முதுகு வளையாத மனிதர்.

"மச்சான், உங்க தங்கச்சி மாடிக்காரனோட சேர்ந்து சிகரெட் பிடிக்கிறா."

"எங்க வீட்டுப் பொண்ணைப் பத்திப் பேசறீங்க மாப்பிள்ளை. அளந்து பேசுங்க."

"அளந்துட்டுதான் பேசறேன். மெஷின் பொய் சொல்லாது."

"அப்ப நீங்களும் ஊதுங்க."

"நானா? நான் சிகரெட்டைத் தொட்டதே இல்ல."

"தெரியும். ஊதுங்க."

ஊதினான்.

அவன் மூச்சிலும் மோனாக்சைடு! அவளைவிடக் கொஞ்சம் குறைவு... அவ்வளவுதான்.

"அவ நாள் பூரா வீட்ல இருக்கா. நீங்க ராத்திரி மட்டும்." இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். "வீட்டுச் சாவி."

சாயங்காலம் ஒரு துணிமூட்டையோடு, தங்கையைச் சேர்த்திருந்த வார்டுக்குத் திரும்பினார்.

"குளியலறையில கேஸ் ஹீட்டர். வெண்டிலேட்டரை எவனோ வெளியிலேருந்து அடைச்சிருக்கான். ஹீட்டர் புகை போக வழியில்லாம வீட்டுக்குள்ளயே சுத்துது. என் தங்கச்சியைக் கொல்லப் பார்த்திருக்கான்."

"இதை வெச்சுத்தான் அடைச்சிருக்கான்." மூட்டையைப் பிரித்தார்.

பழைய வெள்ளைக் கோட். பாக்கெட்டில் டெக்னீஷியனின் பெயர்.



"நான்தான் அடைச்சேன் மச்சான்... மாடிக்காரன் பாடறது அது வழியாத்தான் கேக்கும். இவ அதைக் கேட்டுக்கிட்டே மணிக்கணக்கா குளிப்பா. பொறுக்கல. சத்தியமா, ஹீட்டர் ஞாபகமே வரல."

"நுரையீரலுக்குள்ள போற காத்தை அளக்கறவரு, வீட்டுக்குள்ள வர்ற காத்தை மறந்துட்டீங்க."

இன்ஸ்பெக்டரின் கை விலங்கைத் தேடியது.

மனைவி ஆக்ஸிஜன் முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"விடுண்ணா. கேஸ் போட்டா நம்ம வீட்டு மானம்தான் சந்தி சிரிக்கும்."

"அதுக்காக சும்மா விடறதா?"

"யாரு சும்மா விடச் சொன்னா? மாடிக்காரர்கிட்ட சொல்லு... இனிமே இன்னும் கொஞ்சம் சத்தமா பாடட்டும்."