இறந்தோர் வரிசையில் மூன்றாவது பெயர்

குட்டித் தீவுக் கோயில் திருவிழாவுக்குப் போன படகு மூன்று மணிக்குத்தான் திரும்ப வேண்டும். அன்று பன்னிரண்டுக்கே திரும்பிவிட்டது. இறங்கிய கலிரோயி நேரே அனார்கிரோஸின் டிக்கெட் கூண்டுக்கு ஓடிவந்தாள். முப்பது வருடம் துறைமுகக் காவலராக இருந்துவிட்டு இப்போது கப்பல் டிக்கெட் விற்கிறார் அவர். எதற்கும் பதறாத ஆள்.

“அண்ணே, பூசையில சாமி செத்தவங்க பேரை வாசிச்சாரு. அதுல என் தங்கச்சி ஸம்பேத்தா பேரு! ஊருக்கே அந்தப் பேர் அவ ஒருத்திக்குத்தான். நேத்து ஏதென்ஸுக்குக் கப்பல் ஏறினவ, இதுவரைக்கும் போனை எடுக்கல.”

பாதிரியாரிடமிருந்து பிடுங்கி வந்த சீட்டை நீட்டினாள். பூசையில் வாசிக்கச் சொல்லிக் குடும்பத்தார் எழுதிக்கொடுக்கும் சீட்டு. சிலுவைக் குறிக்கு மேலே உயிரோடிருப்பவர்கள், கீழே இறந்தவர்கள். கீழ் வரிசையில் மூன்று பெயர்கள். முதல் இரண்டும் ஸம்பேத்தாவின் மாமனார், மாமியார்.

படகோட்டி மிக்கேஸ் மூச்சிரைக்க வந்தான். ஊரில் எந்தச் சங்கதிக்கும் அவன்தான் முதல் ஆள். “அது மட்டுமா? பேரை வாசிச்சதும் தரைக்கு அடியில ஒரு பொம்பளை முனகினாண்ணே! பேய்தான், சந்தேகமே வேண்டாம். ஜனங்க காப்பிகூடக் குடிக்காம ஓடிவந்துட்டாங்க.”

“காப்பிக்குக் கோயில் முற்றத்து மழைத்தண்ணித் தொட்டியில தண்ணி எடுத்தீங்களா?” என்றார் அனார்கிரோஸ்.

“இல்ல. எலி விழுந்து நாறுதுன்னு ஸ்தேர்கோஸ் மூடியை இறுக்கிக் கட்டிவச்சிருந்தான்.”

ஸ்தேர்கோஸ் ஸம்பேத்தாவின் கணவன். கோயில் அவன் குடும்பத்துடையது. திருவிழாவுக்கு முந்தின நாள் வெள்ளையடிப்பதும் அவர்கள்தான். அதே படகில் திரும்பியவன், எதிர்க் காப்பிக்கடையில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

“ஸம்பேத்தாவை எங்கப்பா கப்பல் ஏத்திவிட்ட?” என்றார் அனார்கிரோஸ்.

“இங்கதான், மணிக்கூண்டுக்கு எதிர்ல. ஒன்பது மணிக் கப்பல். கையசைச்சுட்டே போனா.”

அனார்கிரோஸ் காவலர் இருவரைக் கூப்பிட்டார். “எல்லாரும் படகுல ஏறுங்க. சீக்கிரம்.” அவர் வாயிலிருந்து ‘சீக்கிரம்’ வந்ததைக் கேட்டு மிக்கேஸ் ஓடிப்போய்ப் படகின் கயிற்றை அவிழ்த்தான்.

கரை மறைந்ததும் அவர் சொன்னார்: “நேத்து வடகாத்து. கப்பல் மணிக்கூண்டுப் பக்கமே வரல, பின்பக்கக் குடாவுல கட்டுச்சு. ஜனங்களை நான்தான் பஸ் ஏத்தி அங்க அனுப்பினேன். ஸ்தேர்கோஸ், அப்ப நீ ஊர்லயே இல்ல. விடியக்காலையில ரெண்டு பேரும் தீவுக்கு வெள்ளையடிக்கப் போயிருக்கீங்க. நீ மட்டும் திரும்பியிருக்க. அவ என்கிட்ட வாங்கினது ஒருவழி டிக்கெட். அது உனக்குப் பொறுக்கல.”



“பேரை எதுக்குடா எழுதின?” கலிரோயி அவன் சட்டையைப் பிடித்தாள்.

“தள்ளிவிட்டதுல தொட்டிக்குள்ள விழுந்தா... சத்தமே இல்ல. பேர் வாசிக்காம விட்டா ராத்திரி வந்து நிப்பாளேன்னு பயம். பழைய சாமி முணுமுணுத்துட்டுப் போயிடுவாரு. இந்தப் புதுசு ஒவ்வொரு பேரா நிறுத்தி வாசிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“செத்தவங்க முனக மாட்டாங்க மிக்கேஸ். வேகமா விடு,” என்றார் அனார்கிரோஸ்.

கோயில் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆளில்லாமல் மெழுகுவர்த்திகள் எரிந்தன. வெட்டிய ரொட்டி வெட்டியபடியே கிடந்தது. தரைக்கு அடியிலிருந்து அந்த முனகல் மீண்டும் கேட்டது. மிக்கேஸ் சிலுவை போட்டுக்கொண்டான்.

முற்றத்தில், கோயில் தரைக்கு அடிவரை நீளும் தொட்டியின் மூடியைப் பெயர்த்தார்கள். கோடை என்பதால் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சுவரில் சாய்ந்திருந்த ஸம்பேத்தா, மேலே தெரிந்த முகத்தைப் பார்த்தாள்.

“அக்கா... பூசையில என் பேரு கேட்டுச்சு. செத்துட்டேன்னே நெனச்சுட்டேன்.”

வெளியே தூக்கிய தங்கையைக் கட்டிக்கொண்டு கலிரோயி அழுத அழுகையில் காவலர்களுக்கும் கண் கலங்கியது. அனார்கிரோஸ் சீட்டை எடுத்துக் கீழ் வரிசையின் மூன்றாவது பெயரை அடித்தார். சிலுவைக்கு மேலே எழுதினார்.

ஸம்பேத்தா கணவன் பக்கம் திரும்பவே இல்லை. “நாளைக்குக் கப்பல் எத்தனை மணிக்குண்ணே?” என்றாள்.

“ஒன்பதுக்கும்மா. காத்து இப்படியே அடிச்சா, பின்பக்கக் குடாவுல.”