தங்கச் சம்மதமா?

ஓட்டல் வாசலில் பெட்டியை வாங்க யாரும் வரவில்லை. உள்ளே ஆறேழு சிப்பந்திகள் சும்மாதான் நின்றார்கள். பெட்டியை விட்டுவிட்டு அவர்கள் காளியப்பனின் கழுத்தையே பார்த்தார்கள்.

ஏற்காட்டுக்கு ஏரிக்கரை லாட்ஜே போதும் என்பது அவன் கட்சி. கல்யாண மஞ்சள் இன்னும் மங்காத தனலட்சுமிக்கோ இந்தப் புது ஏழு மாடிதான் வேண்டும். லிஃப்ட், கம்பளம், வெந்நீர்த் தொட்டி! சேலத்தில் போய்ப் பெருமை பேச வேண்டாமா?

“ரூமைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க சாமி,” என்றார் மேனேஜர். “கட்டாயமில்லீங்க. உங்க சம்மதம் இருந்தாப் போதும்.”

மேல்மாடியில் ஒவ்வொரு கதவு முன்னாலும் ஒரே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே பேச்சரவம் இல்லை. அவர்களுக்குக் காட்டிய அறையில், பட்டப்பகலிலேயே பனிமூட்டம் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நிற்க, பினாயில் வாடைக்கு அடியில் வேப்பிலையும் ஈரமஞ்சளும், அதற்கும் அடியில் மழையில் நனைந்த ஆட்டுப்பட்டியின் வாடையும் மெல்ல மெல்ல எழுந்து வந்தன. கூரையிலிருந்து அவன் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டான். அறை காட்ட வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். பிறகு ஏமாந்தவர்போலப் பெருமூச்சு விட்டார்.

“ஏனுங்க, நொம்ப நல்லாருக்குது. இங்கயே தங்கலாமுங்க,” என்றாள் தனலட்சுமி.

அடுத்த சொட்டு அவன் காதுக்குள் விழுந்தது.

காதைப் பொத்திக்கொண்டான். குலதெய்வக் கோயிலில் கிடாய் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பித் துளுக்கினால் சம்மதம், அப்புறம்தான் வெட்டு. சிலுப்பாத கிடாய்க்குக் காதில் ஊற்றுவார்கள். அதில் காளியப்பன் கைராசிக்காரன். அவன் ஊற்றி எந்தக் கிடாயும் மறுத்ததில்லை.

அவளைக் கீழே இழுத்து வந்தான். மேனேஜர் சொம்போடும் வேப்பங்கொத்தோடும் நின்றார்.

“நம்ம ஓட்டல் வழக்கமுங்க.”

தெளித்தார். மலைத்தண்ணீர் முதுகில் இறங்கியது. மயிர்க்கால்கள் நின்றன. பல்லைக் கடித்தான். அசையாதே. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் உடம்பு ஆடிவிடும்.

தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. சிலிர்ப்பு அடங்கியது.

“தங்கலீங்க. நாங்க கெளம்பறோம்.”

“அதுக்கென்னங்க.” கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார். பிழைத்தோம். காளியப்பன் தாவி வெளியே வந்தான்.

பின்னால், இன்னும் உள்ளேயே நின்ற அவள் காதோரம் ஒருவர் சொம்பைச் சாய்த்தார்.

“அய்யோ, சில்லுன்னு இருக்குதுங்க!” தனலட்சுமி சிரித்துக்கொண்டே தோளையும் தலையையும் சிலுப்பினாள்.

“துளுக்கிட்டாங்க,” என்றது ஒரு குரல். அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள்.

“ஒருத்தர் போதுங்க சாமி,” என்று மேனேஜர் கதவைச் சாத்தினார்.

காளியப்பன் கண்ணாடியில் அறைந்தான். கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை. யாரோ செவ்வரளி மாலையைக் கொண்டுவந்தார்கள். ஓட்டல் மரியாதை என்று நினைத்தாளோ என்னவோ, பார்த்தீர்களா என்பதுபோல அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

மாலை விழுந்தது. அவள் நிமிரவில்லை. பின்னாலிருந்து ஒரு கை அவள் பின்னலைப் பதமாக ஒதுக்கிப் பிடித்தது.