மேல்கோட்டைத் தாண்டிய ஆயில்

அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்ளாமல் ஒரு நாள் ஆகிவிட்டது. சண்டைக்குக் காரணம் அவர்கள் வாடகைக்கு ஓட்டும் டீசல் வேன். ஒரு நாள் அம்மா ஓட்டுவார், மறுநாள் அப்பா ஓட்டுவார். இஞ்சினில் ஆயில் குறைந்ததை யார் கவனிக்காமல் விட்டது என்பதில் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் மகள் சிட்டு. வீட்டில் இப்போது அவள்தான் தபால்காரி.

"உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"பசிக்கலன்னு சொல்லு" என்பார் அப்பா. அவர் வயிறோ தெருவுக்கே கேட்கும்படி கத்தும்.

இன்று அந்த வேனில்தான் சிட்டுவின் கால்பந்து அணி வெளியூர்ப் போட்டிக்குப் போகிறது. ஓட்டப்போவது அம்மா. வேறு வண்டியும் கிடையாது.

கிளம்புமுன் வண்டியைச் சரிபார்ப்பது சிட்டுவுக்குப் பிடித்த வேலை. டயரைத் தட்டினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தாள். ஆயில் அளக்கும் குச்சியை உருவி, துணியால் துடைத்து, திரும்பவும் உள்ளே விட்டு எடுத்தாள்.

குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். இதுவோ மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது.

ஆயில் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. இப்படியே போனால் பாதி வழியில் புகை கக்கி இஞ்சினே பாழாகிவிடும். போட்டியும் போச்சு, பிழைப்பும் போச்சு.

அடுப்படிக்கு ஓடினாள். "அம்மா, ஆயில் ஊத்துனியா?"

"ஆமா, காலைல அவசரத்துல அளக்காமலே ஊத்தினேன். உங்கப்பா அசந்து தூங்கினாரு, எழுப்ப மனசு வரல. அவர்கிட்ட சொல்லிடாதே."

கொல்லைப்பக்கம் ஓடினாள். "அப்பா, நீங்க ஊத்துனீங்களா?"

"ராத்திரியே ஊத்திட்டேன். அவளுக்கு இன்னைக்கு நீளமான ஓட்டம், பாவம். அவகிட்ட மூச்சு விடாதே."

சரியான ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டாள் சிட்டு. இருவர் கையையும் பிடித்து வேனுக்கு இழுத்து வந்து, குச்சியை நடுவில் நீட்டினாள்.

"ஆயில் கூடிப்போச்சு. எப்படின்னு எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன். தபால்காரிக்கு இன்னைக்கு லீவு. நீங்களே கேட்டுக்கோங்க."

அம்மா குச்சியைப் பார்த்தார். அப்பா டயரைப் பார்த்தார்.

"நீங்களுமா ஊத்துனீங்க?" என்றார் அம்மா மெதுவாக.

"அப்ப நீயுமா?"

அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் தொற்றிக்கொண்டது. சிட்டுவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது.

அப்பா வேனுக்கு அடியில் படுத்து ஆயிலை வடிக்கும் அடைப்பைத் தளர்த்தினார். அம்மா குனிந்து பழைய வாளியைப் பிடித்தார். கூடுதல் ஆயில் இறங்கியதும் அப்பா அடைப்பை இறுக்கினார். சிட்டு குச்சியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஆயில் கோடுகளுக்கு நடுவில் நின்றது.

"சரியா இருக்கு. கிளம்பலாமா?"

"இருடி, உங்கம்மாகிட்ட பேசிட்டிருக்கேன்ல" என்றார் அப்பா, வேனுக்கு அடியிலிருந்தே.

நேரமாகிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் சிட்டு அவர்கள் பேசுவதைக் கேட்டபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.