உறைந்த சந்தன எண்ணெய்

டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடம், காணாமற்போன பெட்டிகளைத் தேடிக் கொடுத்தவர் அருமைராசா. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடுவதாயில்லை. ஆனால் ஆனந்தராசா கொண்டு வந்தது தொலையாத பொருள், ஒரு சின்னக் குப்பி.

"மனுசி கண்ணை மூடி ரெண்டு வருசம். நெஞ்சு அடைக்கேக்க சீன வைத்தியர் குடுத்த சந்தன எண்ணெய் இது. இடக்கை மணிக்கட்டில இருந்து மூண்டு விரல் தள்ளி ஒரு சொட்டுத் தேய்ப்பா. நான் ஒவ்வொரு நாளும் திறந்து மணந்து பாப்பன், அவ பக்கத்தில நிக்கிற மாதிரி இருக்கும். இப்ப அந்த மணம் போகுது, அண்ணை."

குப்பிக்குள் எண்ணெய் வெள்ளையாய் உறைந்திருந்தது.

"தேங்காயெண்ணெய்" என்றாள் பக்கத்து வீட்டுக் கிறேஸ். அருமைராசா விசாரிக்கும் இடமெல்லாம் முதல் ஆளாய் வந்து நிற்பவள். "சந்தன எண்ணெய் இப்பிடி உறையாது. வைத்தியர் கலந்து ஏமாத்திப்போட்டார்."

"எங்க வச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார் அருமைராசா.

"யன்னலடியில."

"போன குளிருக்கு?"

"அங்கதான். உறையேல்லை."

"அளவு குறைஞ்சதோ?"

"துளியும் இல்லை."

மூவரும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த ஆனந்தராசாவின் வீட்டுக்கு நடந்தார்கள். அங்கே அவரும் மகள் கஜந்தினியும் மட்டும்தான். அவள் தேநீர் நீட்டினாள். கடிகாரம் வலக்கையில் இருந்தது. இடக்கையில் பழைய பட்டியின் வெளிறிய தடம்.

அருமைராசா தேநீரை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"வைத்தியர் கலந்திருந்தா போன குளிருக்கே உறைஞ்சிருக்கும். கள்ளன் எண்டா குப்பியோட போயிருப்பான். இது சொட்டுச் சொட்டா எடுத்து, உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு குசினியில இருந்த தேங்காயெண்ணெயால நிரப்பின ஆள். எடுத்ததை இடக்கையில பூசிற ஆள். பட்டியில மணம் ஒட்டிப் போகாமல் கடிகாரத்தையும் மாத்திக் கட்டியிருக்கு."

கஜந்தினி தலையைக் குனிந்தாள்.

"என்னட்டக் கேட்டிருக்கலாமே, பிள்ளை?" என்றார் ஆனந்தராசா.

"அம்மான்ர பேரை எடுத்தாலே எழும்பிப் போயிடுவியள், அப்பா. பேந்து எப்பிடிக் கேக்கிறது? எனக்கும் அம்மா வேணுமாயிருந்தது."

இரண்டு வருடமாய் ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆளுக்காக ஒளிந்து ஒளிந்து ஏங்கியிருக்கிறார்கள். ஆனந்தராசா மகளின் இடக்கையைப் பிடித்து, மூன்று விரல் வைத்து அளந்து, குனிந்து மணந்தார். கண் நிரம்பியது.

அருமைராசா கிறேஸுக்குச் சைகை காட்டிவிட்டுக் கோட்டை மாட்டினார். கதவைச் சாத்தும்போது உள்ளே ஆனந்தராசாவின் குரல் கேட்டது.

"இரு பிள்ளை. அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கதைப்பம்."